ரெண்டு பூட்டும் ஒரு தெலுங்குப் படமும்

தெரியாத மொழியைத் தெரியும் என்று சொல்வதற்குச் சரியான இடம், அந்த மொழி யாருக்குமே தெரியாத ஊர்தான். சீவலப்பேரி அப்படிப்பட்ட ஊர் என்று நான் நம்பினேன். அங்கே பெண் பார்க்கப் போன அன்று, "ஹைதராபாத்ல வேலை பாத்தியளாமே, தெலுங்கு வருமா?" என்று மாமனார் கேட்டார். தண்ணி பட்ட பாடு என்று சொல்லிவிட்டேன். (பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறென்ன சொல்ல?)

உண்மையில் ஹைதராபாத்தில் நான் ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் தென்காசிக்காரர்கள், மேலாளர் மதுரைக்காரர். சாப்பாட்டுக் கடையில் பருப்பு வேண்டும், காரம் வேண்டாம் என்று சொல்வதோடு என் தெலுங்கு முடிந்துவிடும். அதிலும் காரம் வேண்டாம் என்றதை அவர்கள் ஒருநாளும் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டு விருந்துக்குப் புறப்படும்போது என் மனைவி கோமதி ஒரு விஷயம் சொன்னாள். அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. இருவர் வயலுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஆற்றுத் தண்ணீர் வராத மாதங்களில் யார் முதலில் பாய்ச்சுவது என்று தொடங்கிய தகராறு, மோட்டார் கொட்டகைக் கதவில் ஆளுக்கொரு பூட்டு என்ற இடத்தில் வந்து நின்றிருந்தது. ஒருவர் வயல் நனைய வேண்டுமென்றால் மற்றவர் வீட்டுச் சாவியும் வரவேண்டும். சாவிக்கு ஆள் அனுப்புவார்களே தவிர, வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நடுவில் காய்ந்தது நெல்.

இந்த விருந்தை விட்டால் வேறு வழியில்லை என்று நினைத்துத்தான் சித்தப்பாவை அழைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று மாமியார் நெல்லையப்பருக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். "கிணறுங்கிற பேச்சையே எடுத்திராதிய" என்று கோமதி என்னிடம் சொன்னாள். எனக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

கோமதியின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார், வந்திருந்தார். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு, எந்த நிமிஷமும் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, எனக்குச் சின்ன அத்தை, அடுக்களையில் ஒத்தாசையாக இருந்தார். இலையில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் வந்துகொண்டே இருந்தன. புது மாப்பிள்ளை போதும் என்று சொன்னால் அதற்கு இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம் போலிருக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், ஆனால் பேச்செல்லாம் மாமியார் வழியாகத்தான். "அவுகளுக்கு அப்பளம் வேணுமான்னு கேளு" என்று மாமனார் சொல்வார். அவுக ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் நடுக்கூடமான பட்டாசாலையில் சாய்ந்தபோது, மாமனார் பீரோவிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து வந்தார். பழைய தெலுங்குப் படமாம். குடும்பப் பகை, வரிசையாகக் கொலை, கொன்றது யார் என்று கடைசி வரை தெரியாதாம். யாரோ கொடுத்ததை, மாப்பிள்ளை வந்து அர்த்தம் சொல்லட்டும் என்று நிச்சயதார்த்தத்திலிருந்து பத்திரமாக வைத்திருந்தாராம். அது டிவியில் ஓடாமல் இருக்க வேண்டும் என்று நானும் நெல்லையப்பருக்கு வேண்டிக்கொண்டேன்.

படம் கறுப்பு வெள்ளை. பெரிய வீடு, பெரிய மாடிப்படி, பெரிய மீசை. ஆரம்பத்திலேயே வீட்டு எஜமானர் செத்துப்போனார். பிணம் கிடந்த இடம் கிணறு. (ஆமாம், கிணறுதான். என் ஜாதகம் அப்படி.)

ஒரு வேலைக்காரி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். என்ன சொல்லுதா என்று மாமனார் கேட்டார். ஐயா கிணற்றில் கிடக்கிறார் என்கிறாள் என்றேன். அது கண்ணால் பார்த்தாலே தெரிகிற சமாச்சாரம், ஆனாலும் எல்லோரும் என்னை மெச்சிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் வந்தார். யாரும் வெளியூர் போகக் கூடாது என்கிறார் என்றேன். போலீஸ்காரர் வேறு என்ன சொல்லப் போகிறார்? தாழம்பூ வைத்த பெண் ஒருத்தி மொட்டைமாடியில் பாடினாள். பாட்டுக்கு அர்த்தம் சொன்னால் ரசனை கெட்டுவிடும் என்று நழுவினேன். இப்படியே கரையேறிவிடலாம் என்று தைரியம் வந்துவிட்டது.

அப்போதுதான் செத்தவரின் தம்பி வந்தான். அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, அழுதுகொண்டே பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் வீடே என்னைப் பார்த்தது. அவ்வளவு நீளமான பேச்சுக்கு இரண்டு வார்த்தையில் அர்த்தம் சொல்ல முடியாது. ஒரு காரணம் வேண்டும், ஒரு பகை வேண்டும். அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்த குடும்பப் பகை ஒன்றே ஒன்றுதான்.

"கிணத்துத் தண்ணி அண்ணனுக்கு மட்டுந்தானா, எனக்குப் பங்கு கெடையாதான்னு கேக்கான் மாமா. அதான் தள்ளிவிட்டுட்டேங்கான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மாமியார் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார். கோமதி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு விவாகரத்தும் முடிந்து நகை திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சின்ன மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இதுக்குத்தான் கூப்பிட்டியளாக்கும். படம்னு உக்கார வச்சு, அண்ணனக் கொல்லுத பயன்னு புது மாப்பிள்ளை வாயால சொல்ல வைக்கிய."

மாமனார் மனைவி பக்கம் திரும்பி, படத்தில் உள்ளதைத்தானே மாப்பிள்ளை சொல்லுதார், நானா எழுதிக் கொடுத்தேன் என்று அவுகளிடம் கேட்கச் சொன்னார். (அந்த நிலையிலும் நேராகப் பேசவில்லை.) சின்ன மாமனார் வாசல்படி இறங்கிச் செருப்பைத் தேடினார். இனி இந்த வீட்டு நடையை மிதிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத் தெலுங்கு தெரியாது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அது எனக்கும் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று எதைச் சொல்கிறார்களோ, அது நாக்கில்தான் இருக்கும் போல.

அடுக்களை வாசலில் நின்றிருந்த சின்ன அத்தை, புருஷனைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"மாப்பிள்ளை தப்பா நெனைக்கப்படாது. எங்கப்பா நெல்லூர்ல மிட்டாய்க்கடை வச்சிருந்தாக. நான் பொறந்து வளந்ததெல்லாம் அங்கனதான். புது மாப்பிள்ளைய மறுவீட்டுல வச்சுத் திருத்தக் கூடாதேன்னு இம்புட்டு நேரம் பேசாம இருந்தேன்."

அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் அவர் நெல்லூர்க்காரர் என்று தெரியும். மாப்பிள்ளை இருக்கும்போது வேறொருவரிடம் அர்த்தம் கேட்பது மரியாதை இல்லை என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் அணிந்திருந்த பட்டு வேட்டிக்குள் முழுசாக மறைந்துவிட முடியுமா என்று பார்த்தேன்.

சின்ன அத்தை படத்தைப் பின்னால் ஓட்டி, தம்பி அழுகிற இடத்தில் விட்டு, வரி வரியாகச் சொன்னார். "சொத்து பூரா அண்ணன் பேர்லயே இருந்துட்டுப் போட்டும்ங்கான். கடைசி வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரே, அதத்தான் தாங்க முடியலங்கான்."

மாமனார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். தம்பிக்கு மோர் கொடுத்தாயா என்று மனைவியிடம் கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

"ஏலே, மோரு குடிச்சியா?"

"குடிச்சேன்ணே" என்றார் சின்ன மாமனார். ஒரு கால் செருப்புக்குள் இருந்தது.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் அதை அவமானத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். சின்ன அத்தை மட்டும் அழவில்லை. சட்டென்று பென்டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம், வெயில் தாழ இரண்டு பேரும் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். போனவர்கள் கையில் ஒரு பூட்டோடு திரும்பி வந்தார்கள்.

கொட்டகையில் அன்றிலிருந்து ஒரு பூட்டுதான். நான் அந்தக் குடும்பத்தின் நிரந்தரச் சிரிப்பு ஆனேன். யாராவது புளுகினால், "மாப்பிள்ளைத் தெலுங்கு பேசாதவே" என்பார்கள். என் மகள் பரீட்சையில் தெரியாத கேள்விக்கு விடை எழுதிவிட்டு வந்து, "அப்பா மாதிரி எழுதியிருக்கேன்" என்கிறாள்.

போன மாதம் தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் சும்மா கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது அதே படம் வந்தது, கீழே தமிழ் எழுத்தோடு. கடைசிவரை பார்த்தேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் பார்க்காத கடைசி. கொன்றது தம்பியேதான். அம்மாவை ஏமாற்றிய அண்ணனைப் பழி வாங்கியிருக்கிறான். அந்த அழுகைக் காட்சியில், முதல் கணக்குத் தீர்ந்தது, இந்த வீட்டில் இன்னும் ஆட்கள் பாக்கி என்று அவன் இரட்டை அர்த்தத்தில் சொல்வது கடைசியில்தான் விளங்குகிறது. கிணற்றுத் தண்ணீரைத் தவிர நான் சொன்னதெல்லாம் சரி. இத்தனை வருஷச் சிரிப்பையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தீபாவளிக்குப் போனபோது நேராக அடுக்களைக்குப் போய், படத்தை முழுக்கப் பார்த்துவிட்டேன் என்று சின்ன அத்தையிடம் சொன்னேன். அவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பிக்காரன்தான கொல்லுவான். நான் சின்னப் புள்ளையிலயே பாத்திருக்கேன்" என்றார். வடையைத் திருப்பிப் போட்டார். "ஒங்க மாமாமாருகிட்ட சொல்லப் போறியளா?"

பட்டாசாலையில் மாமனாரும் சின்ன மாமனாரும் சேர்ந்து, புதிதாக வந்திருந்த ஒரு சம்பந்திக்கு என் தெலுங்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விட்ட இடத்தில் தம்பி எடுத்தார், தம்பி விட்ட இடத்தில் அண்ணன். கிணற்றில் தள்ளிவிடுகிற இடம் வந்ததும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"எனக்குத்தான் தெலுங்கு தெரியாதே அத்தை" என்றேன்.

அவர் என் தட்டில் இன்னும் ரெண்டு வடை வைத்தார்.