எரிமலையில் ஏற்றிய கற்பூரம்

நான் ஒரு எரிமலைக்கு நெருப்பு வைத்தவன். இதை நான் மறைத்தாலும், அவுஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் ரோவிலில் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

படகில் வந்து இறங்கியவன் நான். பன்னிரண்டு வருடங்கள் விதம்விதமான விசாக்களில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒருவழியாகக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப்பிரமாணம் எடுக்கும் விழா அடுத்த வியாழக்கிழமை. அந்த மேடையில் ஏறி இறங்கும்வரை சின்னப் பிழைகூட நடந்துவிடக்கூடாதென்று, சிக்னல் இல்லாத சந்தியில்கூடக் காரை நிறுத்தி நிறுத்திப் போய்க்கொண்டிருந்தேன். (கடவுள் மேலிருந்து சிரித்திருப்பார்.)

அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, என் மனைவி சுமதி தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டுக் குண்டைப் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் ஒரு நேத்தி வைச்சனான். சிட்டிசன்ஷிப் கிடைச்சா நீங்கள் வெறுங்காலோட மலை ஏறி, முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பீங்கள் எண்டு."

"நான் ஏறுவன் எண்டு நீர் எப்பிடி நேத்தி வைக்கலாம்?"

"எனக்கு முழங்கால் நோ."

கோயில் இருக்கிற மலைக்கு எங்கே போவதென்று கேட்டேன். "குன்று இருக்கிற இடமெல்லாம் குமரன் இருப்பார்" என்று முடித்துவிட்டாள்.

குன்றைக் கண்டுபிடித்தது என்னோடு வேலை செய்யும் செந்தில், கோயம்புத்தூர்க்காரன். "தயா அண்ணா, மேற்கே மூணு மணி நேரத்துல ஒரு சூப்பர் மலை இருக்கு. கூட்டமே இருக்காது. நானும் வர்றேன்" என்றான். அன்றைக்கே புறப்பட்டோம். வெயில் கொளுத்தியது, போதாததற்குக் காற்று வேறு.

மலையடிவாரத்தில் இரண்டு பலகைகள். என் மகள் ஆரணிக்கு அப்போது பதினொரு வயது. எங்கே பலகை கண்டாலும் வாசிப்பாள். "அப்பா, இட்ஸ் எ வால்கேனோ" என்றாள்.

வெறுங்காலோடு ஏற ஒரு சப்பாத்தைக் கழற்றியபடி நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"செந்தில், எரிமலையோ?"

"ஆமாண்ணா. ஆனா எப்பவோ செத்துப்போச்சு."

"செத்தது எண்டு ஆர் பாத்தது?"

"போர்டுல போட்டிருக்கே!"

இரண்டாவது பலகையையும் ஆரணி வாசித்தாள். இன்றைக்கு மாநிலம் முழுவதும் நெருப்புத் தடை, ஒருவரும் எங்கேயும் நெருப்பு மூட்டக்கூடாது என்று அதில் இருந்ததாம். அப்போது நான் திருவாய் மலர்ந்தருளினேன்: "அது பாபிக்யூ போடுற ஆக்களுக்குப் பிள்ளை. கற்பூரம் நெருப்பில்லை. அது பக்தி."

இன்றைக்கும் இந்த வசனத்தை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

வேட்டியை மடித்துக் கட்டி, தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல்லில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? தேங்காய் துருவுகிற திருவலைப் பல்லில் நடப்பது போலத்தான். "அரோகரா" என்று தொடங்கியவன், கால்வாசி தூரத்திலேயே "ஐயோ அம்மா"வுக்கு மாறிவிட்டேன்.

உச்சியில் ஒரு தட்டையான கல். முழங்கால் நோவென்று சொன்ன சுமதி, செருப்போடு எனக்கு முன்னமே ஏறி வந்து அதில் வெற்றிலையை விரித்துக் கற்பூரத்தை அடுக்கினாள்.

"ஒரு கட்டி போதுமப்பா."

"பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு கட்டியோ?" என்று கேட்டுவிட்டு, பன்னிரண்டு கட்டிகளையும் வைத்தாள்.

கொளுத்தினேன். கண்ணை மூடி "முருகா" என்றேன். கண்ணைத் திறந்தபோது கல்லில் வெற்றிலை இல்லை. காற்று அதை எரிகிற கற்பூரத்தோடு தூக்கிக்கொண்டுபோய்க் காய்ந்த புல்லுக்குள் போட்டிருந்தது. குப்பென்று பற்றியது புல்.

"அண்ணா, தண்ணி! தண்ணி!" என்று செந்தில் கத்தினான். கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் வழியிலேயே குடித்து முடித்திருந்தோம். நான் தேங்காயைக் கல்லில் மோதி உடைத்து அதன் தண்ணீரை ஊற்றினேன். அரைக் குவளை வந்தது. அதைக் குடித்துவிட்டு நெருப்பு இன்னும் தெம்பாக எழும்பியது. வேறு வழியில்லாமல் வேட்டியை உரிந்து அடித்தேன். சுமதி செருப்பால் அடித்தாள், செந்தில் முதுகுப்பையால் அடித்தான். ஆரணி மட்டும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, தாயின் போனில் அவசர இலக்கத்துக்கு அழைத்துத் தெளிவாகத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மை டாட் செட் ஃபயர் டு எ வால்கேனோ."

நெருப்பைவிட அந்த வசனம்தான் என்னைச் சுட்டது.

தீயணைப்புப் படை ஏறி வந்தபோது நெருப்பு அணைந்திருந்தது. இரட்டைக் கட்டில் அளவுக்குக் கரி. பக்கத்தில் உடைந்த தேங்காய். அதன் பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடும் கோடுபோட்ட உள்காற்சட்டையோடும் நான். மஞ்சள் உடுப்புப் போட்ட பெண் அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்த்து, யார் கொளுத்தியது என்று கேட்டார். நாங்கள் மூவரும் தேங்காயைப் பார்த்தோம்.

"ஹிம்" என்று என்னைக் காட்டினாள் நான் பெற்ற பிள்ளை. நேர்த்திக் கதையையும் அவளே ஆங்கிலத்தில் விளக்கினாள்.

அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவுஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்ததற்கு நன்றி சொல்ல, நெருப்புத் தடை நாளில், எரிமலை உச்சியில் நெருப்பு வைத்தீர்களா?"

அப்படிக் கேட்கும்போதுதான் எனக்கே முழு விசயமும் விளங்கியது. பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, கடிதம் வரும் என்றார்.

இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அந்த ஐந்து நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் பன்னிரண்டு வருடம் கூடவே இருந்தது. போய்விட்டது என்று நினைத்த கிழமையிலேயே நானே கூப்பிட்டு உள்ளே இருத்திவிட்டேன். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே எழும்பிப்போய் யன்னலால் எட்டிப் பார்ப்பேன்.

புதன்கிழமை கடிதம் வந்தது. பிரிக்கத் துணிவில்லை. அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே வியாழக்கிழமை சத்தியப்பிரமாணம் எடுத்தேன். மேயர் கைகுலுக்கியபோது அந்தக் கடிதம் நெஞ்சில் சரசரத்தது. கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஆரணியிடம் நீட்டினேன்.

"வார்னிங் ஒன்லி, அப்பா. அண்ட் தேர் இஸ் எ நோட்."

எச்சரிக்கைக் கடிதத்தின் அடியில், பேனாவால் இரண்டே வரி எழுதியிருந்தது: "வாழ்த்துகள். அடுத்த முறை தேங்காய் மட்டும்."

கோட்டும் டையுமாக, அந்த இடத்திலேயே நான் விக்கி விக்கி அழுதேன். சுமதி முதுகைத் தடவிக்கொண்டு, "மலை ஏறியாச்சு, கற்பூரம் கொளுத்தியாச்சு, தேங்காயும் உடைச்சாச்சு. நேத்தியில ஒரு குறையும் இல்லை" என்றாள்.

இப்போது எந்தப் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனாலும், ஐயர் கற்பூரத் தட்டை என் பக்கம் நீட்டுவதற்கு முதல் பின்னாலிருந்து ஒரு கூட்டமே கத்தும்: "அங்கிள், தேங்காய் மட்டும்!" ஆரணி ஒன்றும் சொல்லமாட்டாள். எழும்பிப்போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைப்பாள்.