பள்ளத்தை அடைக்க ஒரு ஃபிரிட்ஜ்

காரின் முன்சக்கரம் தெருப் பள்ளத்தில் இறங்கியதும் லொரெட்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இடுப்பில் இரும்பு வைத்த நாளிலிருந்து வாரம் இருமுறை மருத்துவமனைப் பயணம். வீட்டுக்கு முன்னால் ஓடும் அந்தத் தெருவை விட்டால் வேறு வழியும் கிடையாது. அவள் படும் வேதனையைப் பார்க்க, வண்டி ஓட்டிய கணவர் கிளைடுக்குப் பொறுக்கவில்லை.

நேரே தங்கள் ஊரான கெட்டில்ரன் நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டார். எழுத்தர் டார்லீன் அசரவில்லை.

"உங்க வீட்டு ஃபிரிட்ஜ் எங்க வாங்கினது?"

"பார்ஸ்டன்ல. அங்கதான் மலிவு."

"அப்ப விற்பனை வரியும் அந்த ஊருக்குத்தான் போச்சு. ரோடு மட்டும் நாங்க போடணுமாக்கும்?"

கிளைடுக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகப் பல்குச்சி முதல் புல்வெட்டும் இயந்திரம் வரை எல்லாமே பக்கத்து ஊரில்தான். அன்றே உள்ளூர்க் கடையில் தொண்ணூறு டாலர் அதிகம் கொடுத்து ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் மனுஷா, பள்ளத்தை அடைக்க ஃபிரிட்ஜா வாங்குவாங்க?" என்றாள் லொரெட்டா.

ஒரு ஃபிரிட்ஜ் எந்த மூலைக்கு? அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வாசலிலேயே மறித்து, இனி யாரும் பார்ஸ்டன் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று ஊரையே கெஞ்சினார். ஊரும் கேட்டது. மூடிக்கிடந்த நூலகம் சனிக்கிழமைகளில் திறந்தது. தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் வந்தது. கிளைடைக் கண்டவர்களெல்லாம் கைகுலுக்கினார்கள்.

ஆனால் வியாபாரம் கூடிய உள்ளூர்க் கடைகளுக்கு இன்னும் நிறையச் சரக்கு லாரிகள் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தன. சட்டியளவு இருந்த பள்ளம் குளியல்தொட்டி ஆனது. உள்ளூரிலேயே பத்து மூட்டை ஜல்லி வாங்கிக் கொட்டினார். ஒரே மழையில் அத்தனையும் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. டார்லீன் அடுத்த வருடம் நிச்சயம் என்றாள்.

அக்டோபரில் ஒரு காலை, தார் லாரி வந்து நின்றது. மத்தியானத்துக்குள் தெரு வழுவழுவென்று ஆகிவிட்டது. லொரெட்டா தானே வண்டியை எடுத்து, சும்மாவே இரண்டுமுறை போய்வந்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துக் கிளைடுக்குக் கண் கலங்கியது.

ரோடு போட்ட ஆளுக்குக் காபியும் ஒரு துண்டு கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பாத்தீங்களா தம்பி? இதெல்லாம் எங்க ஊர் வரிப்பணம்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நான் பார்ஸ்டன் நகராட்சிங்க. தெருவுல பள்ளம் இருந்த இந்தப் பாதி எங்க எல்லை. ஏப்ரல்லயே போட்டிருப்போம். என்னவோ தெரியல, உங்க ஊர்க்காரங்க திடீர்னு எங்க கடைக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. வரிப்பணம் பத்தாமப் போச்சு."