என் இன்டர்வியூவை பார்வதி மாமி பேசிய கதை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. போன் வரும், எடுத்துப் பேசணும்.

ரெண்டாயிரத்துச் சொச்சம். கரமனை அக்ரஹாரத்துல வீடு. வெப் டெவலப்பர்னு எனக்கு நானே பட்டம் குடுத்துக்கிட்டு, வீட்டுல இருந்தே பாக்குற வேலையா தேடிட்டிருந்தேன். தெரிஞ்சது என்ன? ஓடுற எழுத்து, மின்னுற எழுத்து. ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டா அதான் என் டிசைன்!

"வீட்டுலயே இருந்தா அதுக்குப் பேரு வேலையாடா?"ன்னு அப்பா தினமும் கேப்பார்.

மாசக்கணக்கா ஒருத்தனும் பதில் போடலை. கடைசியா சென்னைக் கம்பெனி ஒண்ணு சிக்குச்சு. போன்லயே இன்டர்வியூ! இதுவும் போச்சுன்னா சித்தப்பாவோட பாத்திரக்கடைதான்னு அப்பா தீர்ப்பே எழுதிட்டார்.

அப்போ நெட்ல உக்காந்தா வீட்டு போன் எங்கேஜ்டு. நானோ நாள் முழுக்க நெட்ல. அதனால பயோடேட்டாவுல பக்கத்து வீட்டு பார்வதி மாமி நம்பரைக் குடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்தானே, கூப்பிட்டா ஓடிடலாம். என்ன மூளை, என்ன மூளை!

"மாமி, சென்னையிலேர்ந்து ஒரு போன் வரும். ரொம்ப முக்கியம்."

என் ஜாதகம் அப்போதான் வரன் தேடி வீட்டை விட்டு வெளியே போயிருந்துது. மாமி என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "சென்னையாக்கும்? நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா இரு."

இருந்தேன். புதுச் சட்டை போட்டு, டக் இன் பண்ணிக்கிட்டு. போன் இன்டர்வியூவுக்கு!

சொன்ன நேரத்துக்கு மாமி வீட்டுல போன் அடிச்சுது. எந்திரிச்சு நின்னேன். கூப்பிடலை. மாமி சிரிக்கிற சத்தம்தான் கேக்குது. யாரோ சொந்தக்காரங்க, இந்த நேரம் பாத்து வம்பளக்கறாங்கன்னு பல்லைக் கடிச்சேன். பொறுக்க முடியாம ஓடினா, மாமி அப்போதான் ரிசீவரை வெச்சுட்டு முகமெல்லாம் பல்லா நிக்கறாங்க.

"நல்ல இடம்டா! அந்தப் பொண்ணு என்ன மரியாதையாப் பேசறா!"

"ஐயோ, என் போனா? என்னை ஏன் கூப்பிடலை?"

"நன்னாருக்கே! பையனைப் பத்தி விசாரிக்கறச்சே பையனையே யாராவது கூப்பிடுவாளோ?"

அப்போதான் எனக்கு விளங்குச்சு. எங்க தெருவுல பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்து வீட்டுலதான் பையனைப் பத்தி விசாரிப்பாங்க. பக்கத்து வீடு ஒண்ணுக்கு ரெண்டா கூட்டிச் சொல்லும். அதுல மாமி கில்லாடி.

"அவ என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னீங்க?"

"இப்போ வேலை இருக்கான்னு கேட்டா. பெரிய கம்பெனில பெர்மனென்ட், அமெரிக்கா விசாவும் வந்தாச்சு, ஆடி கழிஞ்சா பிளைட்டுன்னேன்."

"மாமி!"

"என்ன எதிர்பாக்கறார்னு கேட்டா. பத்து பைசா வேண்டாம், வாயைத் திறந்து கேக்கற குடும்பமே இல்லைன்னேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவாரான்னு ஒரு கேள்வி. பாவம், அவ கவலை அவளுக்கு! அதைத் தொடவே மாட்டான்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

உடனே சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டேன்.

"சார், மேடம் எல்லாம் சொன்னாங்க. அமெரிக்கா போறவருக்கு எங்க வேலை எதுக்கு? கம்ப்யூட்டரையும் தொட மாட்டீங்களாம். எங்களுக்கு அது கொஞ்சம் தேவைப்படுது."

"மேடம், அவங்க பக்கத்து வீட்டு மாமி. எனக்குக் கல்யாணம்னு..."

"ஓ, கல்யாணம் வேறயா? வாழ்த்துகள் சார்!"

வெச்சுட்டா.

அழுகையும் கோபமுமா மாமிகிட்ட போய் நின்னேன். "சாரமில்லைடா, போனாப் போறது, அடுத்த தடவை என்ன சொல்லணும்னு சொல்லிக் குடு"ன்னாங்க.

சொல்லிக் குடுத்தேன். "இப்போ வேலை எதுவும் இல்லை. எவ்வளவு குடுத்தாலும் வாங்கிப்பான். வீட்டை விட்டு நகரவே மாட்டான். ராத்திரி பகலா கம்ப்யூட்டரே கதின்னு கிடப்பான். இதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

மாமி மனப்பாடமே பண்ணிட்டாங்க.

அடுத்த வாரம் பாலக்காட்டுலேர்ந்து நிஜமாவே பொண்ணு வீட்டுக்காரங்க போன் பண்ணி விசாரிச்சாங்க.

மாமி ஒரு வார்த்தை கூட்டலை.