இரு கடிகாரங்களுக்கு நடுவே அப்புக்காத்தரின் வயிறு

வாழி பாலசுந்தரம், வாழி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டறையும் ஒரு விறாந்தையும் ஆண்ட அவர் செங்கோல், வாழி, அவர் மார்புப் பையில் மந்திரி போல் குந்தியிருந்து ஓயாது ஆலோசனை கூறிய வெள்ளிக் கடிகாரம். சரக்கு வண்டி வந்த நிமிடத்தையும் போன நிமிடத்தையும் பிசகாமல் எழுதி எழுதி, இருபத்திரண்டு ஆண்டுகளில் தாமே ஒரு முள்ளாகி, நேரம் பார்த்து நீராடி, நேரம் பார்த்து நீறணிந்து, நேரம் பார்த்துத்தான் தும்முகிறார் என்று அக்கம்பக்கத்தார் வியந்த அந்த யாழ்ப்பாணத்து ஏந்தல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டில், உலகமே பீரங்கி கொண்டு பொருதிய வேளையில், பழந்துணி ஒன்றையே படைக்கலமாகத் தாங்கி ஐந்து நாள் நடத்திய அரும்போரைச் சொல்லப் புகுந்தோம். எலியை வாகனமாக உடைய ஐங்கரன் இந்த ஒரு முறை மட்டும் காப்புக்கு வராமல் ஒதுங்கி நிற்பானாக. இது பூனையின் கதை, அவன் வாகனத்துக்கு ஆகாது.

அந்தப் பூனையின் பெருமையையும் கேளுங்கள். பதினைந்து பிராயம் கடந்த தவமுனி. சாம்பல் பூசிய மேனி. நடக்கையில் பின்னங்கால் இரண்டும் ஒரு கணம் யோசித்த பிறகே முன்னங்கால்களைப் பின்பற்றும். வாயில் மிச்சமிருந்தவை இரண்டே பற்கள், அவையும் ஒன்றையொன்று சந்தித்து வெகுகாலம். தட்டின் முன் அமர்ந்து குரலெடுத்தால், எதிரே இருப்பவர் வாயடைத்து மீன்துண்டை நீட்டும்வரை ஓயாத வாதத்திறத்தால், யாழ்ப்பாணத்தார் வக்கீலுக்கு வழங்கும் சொல்லையே பெயராகப் பெற்று அப்புக்காத்தர் ஆனவர். குரலுக்கு இருந்த வலிமை குடலுக்கு இல்லாமற் போனதே அவர் விதி. மூன்று நாள் முற்றத்து மணலில் முக்கி முக்கித் தோற்பதும், நான்காம் நாள் மஞ்சள் நுரை கக்குவதும், கக்கியவர் வேறு யாரோ என்பதுபோல் அப்பால் போயிருந்து மீசை துடைப்பதும் நான்கு ஆண்டுகளாக அவர் நித்திய கருமங்கள்.

உலகப் போருக்கு முன்னமே, அடுத்த வீட்டில் குடியிருந்த, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் வாசு அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தார். “ஆளுக்கு வயசாச்சுங்க, குடலுக்கும் வயசாச்சு. மருந்தெல்லாம் வேணாம். கொஞ்சமா குடுங்க. நேரம் தவறாம குடுங்க.”

கொஞ்சமாக என்ற சொல் பாலசுந்தரத்தின் செவிக்குள் நுழைந்ததோ இல்லையோ, நேரம் தவறாமல் என்ற சொல் போர்முரசாக முழங்கிற்று. அன்றே அட்டவணை பிறந்தது. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. உப்பில்லாமல் அவித்த மீன், விரல் நீளம். சமையலறைக் கதவில் அது சிவப்பு மையால் எழுதி ஒட்டப்பட்டது. அப்புக்காத்தரின் வயிறும் ஓரளவு சீராக ஓடியது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். பால் டின்கள் மறைந்தன, மீன் மறைந்தது, அரிசி கனவிலே மட்டும் கொதித்தது. கொல்லைதோறும் மரவள்ளி கிளைத்து, காலைக்குக் கிழங்கு, மதியத்துக்குக் கிழங்கு, இரவுக்கு வேறு உருவத்தில் அதே கிழங்கு என்று மாந்தர் வயிற்றை நிறைத்தது. பங்கீட்டில் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாடு கிடைத்தால் அதுவே திருவிழா. இவற்றோடு, மலாயாவின் கடிகாரங்களெல்லாம் இனி டோக்கியோவின் நேரத்தையே காட்டக்கடவன என்று ஆணை பிறந்து, சூரியனுக்குச் சொல்லாமலே காலம் ஒன்றரை மணி முன்னே தாவிற்று.

பாலசுந்தரம் அன்றே தம் வெள்ளிக் கடிகாரத்தைத் திருப்பினார். சமையலறைச் சுவர்க் கடிகாரத்தையும் திருப்பப் போனவரை, கையில் அகப்பையோடு வழிமறித்தாள் அவர் தர்மபத்தினி மீனலோசனி.

“அதிலை கை வையாதேங்கோ. ராகுகாலம் சூரியனைப் பாத்து வாறது. உங்கடை ஒபீஸைப் பாத்து வாறேல்லை.”

“ஆரும் கண்டால்?”

“என்ரை குசினிக்குள்ளை ஆர் வந்து காணப்போகினம்?”

அதன் மணியோசை வெளியே கேளாதபடி உள்ளிருந்த சுத்தியலுக்கு அவள் துணி சுற்றினாள். இவ்வாறு ஒரு கூரையின் கீழ் விறாந்தை டோக்கியோவுக்கும் அடுக்களை பழைய கோலாலம்பூருக்கும் உரியவாக, எல்லை வாசற்படி ஆயிற்று.

இனி அப்புக்காத்தருக்கும் கிழங்கே என்று கணவனும் மனைவியும் ஒருமனதாகச் சட்டம் செய்தார்கள். சட்டம் செய்த மறுநாளே பாலசுந்தரம் அதை மீறினார். கிழங்கு மசியலின் முன் அமர்ந்து அந்த முதியவர் தொடுத்த வாதத்தைத் தாங்கும் நெஞ்சு அவருக்கு இல்லை. தம் பங்கு நெத்தலியைச் சவரக் கிண்ணத்தில் உப்புப் போக ஊறவைத்து, பல்லில்லாதவருக்கு உறுத்தும் என்று தலையை நகத்தால் கிள்ளி, காலை ஆறுக்கு மீனலோசனி குழாயடியில் நிற்கையிலும், நண்பகல் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் அவள் அடுப்பின் பக்கம் திரும்புகையிலும், மாலை ஆறுக்கு அவள் கீரைப் பாத்தியில் குனிகையிலும் வெள்ளிக் கடிகாரத்தின் சாட்சியாக ஊட்டி வந்தார்.

ஆனால் ஊட்ட ஊட்ட நோய் ஓங்கியது. நான்காம் நாள் வந்த கக்கல் இரண்டாம் நாள் வந்தது; இரண்டாம் நாள் வந்தது தினம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, துணி என்பதே பழங்கதையாகிவிட்ட அக்காலத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வெள்ளைக் கோட்டின் மேல், இடது மார்பில், பதக்கம் சூட்டியதுபோல் அப்புக்காத்தர் கக்கிவைத்தார். கோட்டு நாறிற்று, மேலதிகாரி மூக்கைப் பிடித்தார், ஏந்தலின் மானம் தண்டவாளத்தில் உருண்டது. வீடு திரும்பியவர் விறாந்தையில் நின்று பிரகடனம் செய்தார்.

“இஞ்சரும், கேட்டுக்கொள்ளும். வெள்ளிக்கிழமை உம்மடை தம்பி சின்னையா வருவான். அதுக்குள்ளை உவர் இன்னொரு தரம் சத்தி எடுத்தால், கூடையிலை போட்டு செந்தூலுக்கு அனுப்பிறது. இது கடைசிச் சொல்.”

“அனுப்புங்கோ,” என்றாள் மீனலோசனி. “சவுக்காரம் இல்லாமல் சாம்பலிலை தோய்க்கிறவள் நான். எனக்கு நிம்மதி.”

செந்தூல் என்றால் என்ன? அங்கே ரயில்வே பண்டகசாலையில் சின்னையா வேலை பார்த்தான். அங்கே முயல் பருமனில் எலிகள் இருந்தன. அவற்றை அடக்க அவன் ஒரு பூனையைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு பல் கொண்ட கிழவர் அந்தக் களத்தில் ஓரிரவு தாங்கமாட்டார் என்பதைப் பாலசுந்தரம் அறிவார். சொல் வாயை விட்டுப் புறப்பட்ட கணமே அவர் வருந்தினார். ஆயினும் புறப்பட்ட வண்டியைக் கொடி காட்டித் திருப்பியழைத்த வழக்கம் அவர் பரம்பரையில் இல்லை.

தொடங்கிற்று போர். அப்புக்காத்தரின் விலாப்புறம் அலையெழுந்து அலையடங்க, கழுத்து வாத்தின் கழுத்தாக நீள, தொண்டைக்குள்ளிருந்து களக், களக் என்று படைமுரசு எழும். எழுந்த கணமே, மனைவி காதில் விழுமுன், பழந்துணியோடு பாய்வார் நம் வீரர். புதன்கிழமை கட்டிலுக்கடியில் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து துடைத்தார். வியாழக்கிழமை இருமுறை தாக்குதல். இரண்டாவது, உத்தியோகம் நிலைக்க அவர் இரவில் கற்றுவந்த நிப்பொங்கோ என்னும் ஜப்பானிய மொழிப் பாடப் புத்தகத்தின் மேல். ஒரு வாரம் எழுதிய எழுத்துகளைக் கண்ணீரின்றிக் கிழித்துச் சுருட்டி வாய்க்காலில் எறிந்தார். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு விந்தை. அரிசிப் பானைக்குப் பின்னே தரையில் வட்டமாக ஈரம் இருந்தது, கக்கல் இல்லை. தம் குற்றத்தைத் தாமே நக்கித் துடைத்தாரென்று அப்புக்காத்தரை மனத்துள் மெச்சினார்.

ஒவ்வொரு மாலையும் கேட்பார்: “உவர் எப்பிடி?”

“நல்ல சுகம்,” என்பாள் மீனலோசனி, அவர் முகத்தைப் பாராமல்.

“நானும் காணேல்லை,” என்பார் அவர், அவள் முகத்தைப் பாராமல்.

பூனை தேறவேண்டுமே என்ற தவிப்பில், ஒன்றுக்கு இரண்டாக நெத்தலியைக் கூட்டினார்.

விடிந்தது வெள்ளி. அன்று அந்தச் சைவ இல்லத்தில் மச்சம் புழங்காது. மீனின் நிழலும் வாசற்படி தாண்டாது. மீனலோசனி தோய்ந்து முழுகிச் சட்டிமுட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகே அடுப்பு மூட்டுவாள். விடுப்பில் இருந்த பாலசுந்தரம் நண்பகல் பன்னிரண்டுக்கு, முருகன் படத்துக்கு முதுகு காட்டி நின்று, தலை கிள்ளிய நெத்தலி நான்கை ஊட்டிக் கையை மும்முறை கழுவினார். ஒரு மணிக்கு வந்தான் சின்னையா, பிரம்புக் கூடையோடு.

“என்ன அத்தான், கைதி ஆயத்தமோ?”

“திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு சொட்டுச் சத்தி எடுக்கேல்லை,” என்றார் பாலசுந்தரம். “வேணுமெண்டால் அக்காவைக் கேள்.”

“ஓமடா தம்பி, ஒரு சொட்டும் இல்லை,” என்று அடுக்களையிலிருந்தே சத்தியம் செய்தாள் அவள்.

“அப்ப நான் கூடையைச் சும்மாவோ காவிக்கொண்டு வந்தனான்?” என்று சலித்து, வறுத்த சோளக் கோப்பிக்காகக் காத்திருந்தான் சின்னையா. வென்றோம் என்று நிமிர்ந்தார் நம் வீரர். அவர் மடியில் அப்புக்காத்தர் துயின்றார். அமைதி நிலவியது.

அப்போது அடுக்களைக்குள், துணி சுற்றிய சுத்தியல் பன்னிரண்டு முறை மொத்தென்று அடித்தது.

அப்புக்காத்தர் கண் விழித்தார். கடமையுணர்ச்சி மிக்க அரசு ஊழியரைப் போல், பசியில்லாமலே எழுந்து, யோசிக்கும் பின்னங்கால்களோடு எல்லையைக் கடந்து அடுக்களைக்குள் போனார். சிறிது நேரத்தில் மீசையை நக்கிக்கொண்டு திரும்பினார். விறாந்தை நடுவே நின்றார். மூவரையும் பார்த்தார். கூடையைப் பார்த்தார். தாமாகவே அதற்குள் இறங்கினார். எழுந்தது படைமுரசு. பாலசுந்தரம் பழந்துணியோடு பாய்ந்தார்; உள்ளிருந்து இன்னொரு பழந்துணியோடு மீனலோசனி பாய்ந்தாள்; இரு சேனைகளும் கூடையருகே முட்டிக்கொண்டு நிற்க, எவருக்கும் அஞ்சாத அப்புக்காத்தர் நிதானமாக, முழுமையாக, கடைசித் துளிவரை கக்கினார்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

“மச்சம்,” என்றாள் மீனலோசனி. “வெள்ளிக்கிழமை. இந்த வீட்டிலை.”

பாலசுந்தரம் தலை கவிழ்ந்தார். கவிழ்ந்த தலை கூடைக்கு அருகே இருந்ததால், நிமிடம் பிசகாத அவர் கண் ஒன்றைக் கண்டது. “தலை கிள்ளின நெத்தலி நாலும் என்ரை. ஒத்துக்கொள்ளுறன். இந்த இடிச்ச தூள் ஆரின்ரை?”

மீனலோசனி தன் பழந்துணியை முதுகுக்குப் பின்னே மறைத்தாள்.

“பல்லில்லாத சீவன்,” என்றாள் அவள் கடைசியில். “இடிச்சுத்தான் குடுக்கவேணும். முழுசாய்க் குடுக்கிறதே?”

“எப்ப குடுக்கிறனீர்?”

“அட்டவணைப்படிதான். ஆறு, பன்ரண்டு, ஆறு.”

“நானும் அப்பிடித்தானே...” என்று தொடங்கியவர் மார்புப் பையைப் பார்த்தார், பிறகு அடுக்களைச் சுவரைப் பார்த்தார். ஒன்றரை மணி நேர இடைவெளியில், இரு கடிகாரங்களும் தத்தம் அரசுக்கு உண்மையாக நடந்து, அந்த ஒரு முதிய வயிற்றின் மேல் ஆறு வேளை படையெடுத்திருந்த வரலாறு அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. மனைவியின் தட்டில் நெத்தலி கண்டு எத்தனை வாரமாயிற்று என்று எண்ணப் புகுந்தவர், எண்ணி முடிக்காமல் விட்டார்.

“செவ்வாய்க்கிழமை பானைக்குப் பின்னாலை நான்தான் துடைச்சனான்,” என்றாள் அவள், மெல்ல.

“புதன் ஒண்டு. வியாழன் ரெண்டு,” என்றார் அவர்.

சின்னையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஆறு வேளையோ?” என்றான். “செந்தூலிலை எனக்கு ரெண்டு வேளை. என்னையும் இந்த வீட்டிலை பூனையாய் வைச்சிருங்கோவன்.”

“அப்ப கூடையிலை போடுவமோ, அத்தான்?” என்று அவனே மறுபடி கேட்டான்.

பாலசுந்தரம் எழுந்து நின்றார். கடைசிச் சொல்லைச் சொன்ன நாக்கு அது. சொன்னபடி செய்வதென்றால் பூனை போகவேண்டும். அவர் வெள்ளிக் கடிகாரத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“திங்கள் சொன்னது டோக்கியோ நேரத்திலை,” என்றார் இறுதியில். “குசினியிலை அது செல்லாது. உவர் குசினி ஆள்.”

அவ்வாறாக, விறாந்தைக்கும் அடுக்களைக்கும் இடைப்பட்ட வாசற்படியில், சோளக் கோப்பி சாட்சியாக உடன்படிக்கை எழுதப்பட்டது. அப்புக்காத்தர் இன்று முதல் சூரியனின் குடிமகன். அவருக்குப் பழைய நேரமே நேரம். ஊட்டும் கை ஒரு வேளைக்கு ஒன்று, காலை அவருடையது, மற்ற இரண்டும் அவளுடையவை. நெத்தலி வேளைக்கு ஒன்றே, தலை கிள்ளி, இடித்து, வெள்ளிக்கிழமையில் அதுவும் இல்லாமல் கிழங்கு மசியலும் ஒரு துளி செம்பனை எண்ணெயும். மீந்த நெத்தலியை ஆளுக்காள் தம் தட்டிலேயே, மற்றவர் கண்முன்னே உண்ணவேண்டும் என்று விதிகள் வகுத்து, கதவில் பழைய அட்டவணைக்கு மேல் புதியது ஒட்டி, ஈரேழு உலகிலும் கடிகாரம் என்பன எத்தனை உளவோ அத்தனையும் நின்றுபோகும் நாள்வரை இவ்வுடன்படிக்கை மாறாதென்று நீறு தொட்டு ஆணையிட்டு, தம்பதியர் இருவரும் வெற்றிவேந்தரைப் போல் அந்த முதியவரின் வயிற்றை இருபுறமும் தடவிக்கொடுத்தனர்.

சின்னையா கூடையைக் குழாயடியில் கழுவி எடுத்துக்கொண்டு போனான், ஞாயிற்றுக்கிழமை பூனை கொஞ்சம் கக்கியது, பாலசுந்தரம் துடைத்தார்.