தாய்மாமனும் ஆண்ட்ரமேடாவும்

நம் பால்வீதிக்கு வெளியே எத்தனை கோடி கேலக்ஸிகள் இருக்கின்றனவோ, அத்தனைக்கும் வில்லியனூரில் வேலை போட்டுக் கொடுத்த ஒரே ஆள் எங்கள் 'கேலக்ஸி'தான். பேனர் டிசைன் செய்வது அவன் தொழில். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே விழிப்பார்.

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் பிறப்புமில்லை, இறப்புமில்லை. மற்றவர்கள் ரோஜாப்பூவும் நீர்வீழ்ச்சியும் போட்டுக்கொண்டிருந்தபோது, இவன் எல்லாருக்கும் பின்னால் ஒரு கேலக்ஸியைச் சுழல விட்டான். மஞ்சள் நீராட்டுப் பெண் விண்மீன் சுருளுக்கு நடுவே நின்று கும்பிட்டாள். கரும்பு விவசாயி ஒருவரின் கண்ணீர் அஞ்சலியில், தொப்பி மாதிரி இருக்கும் கேலக்ஸி ஒன்றை அவர் தலைக்கு மேல் வைத்தான். மகன் பார்த்துவிட்டு, "அப்பா வெயில்லயே காலத்த ஓட்டிட்டாரு, இப்பவாச்சும் தொப்பி போட்டுக்கட்டும்" என்று தேம்பினார்.

"பூ போட்டா இன்னாடா உனக்கு?" என்று கேட்டேன்.

"பூ ரெண்டு நாள்ல வாடிடும்ண்ணா. இது கோடி வருஷம் தாங்கும்."

"பேனரே ரெண்டு நாள்தான்டா தாங்கும்!"

அதற்கெல்லாம் அவன் அசருகிற ஆளா?

வினை என் மகளின் காதுகுத்தில் வந்தது. முந்தைய நாள் காலை அரியூரில் என் வீட்டு வாசலில் பேனர் ஏறியது. தூரத்து கேலக்ஸி சிறிதாகத்தான் தெரியுமாம். அந்தக் கணக்கில் பயல் சொந்தக்காரர்களையும் அடுக்கியிருந்தான். எதிர் வீட்டிலேயே இருக்கும் என் சித்தப்பா கதவு அகலத்துக்கு இருந்தார். செல்லிப்பட்டிலிருந்து வரவேண்டிய என் மச்சான், குழந்தையின் தாய்மாமன், மூலையில் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தார்.

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியுமா? எந்தப் புண்ணியவானோ பேனரைப் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிட்டான். உடனே போன் வந்தது.

"இன்னா மாப்ள, என்ன மொளகு சைசுக்கு போட்டு வச்சிக்கீற? அந்த பூசணிக்கா சித்தப்பன் மடியிலயே ஒக்கார வச்சி குத்திக்க!"

என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எங்க அண்ணன் வரலன்னா காதுகுத்தும் வாணாம், ஒண்ணும் வாணாம்!"

கேலக்ஸியைச் சட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். செல்லிப்பட்டில் மச்சான் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைக் கிளறினார். நான் வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான்.

"மாமா, உங்க படத்துக்குப் பின்னாடி இருக்குதே, அது ஆண்ட்ரமேடா."

"எதுவா இருந்தா எனக்கு இன்னா?"

"தூரத்து கேலக்ஸிங்கல்லாம் நம்மள வுட்டு தள்ளித் தள்ளிப் போய்னே இருக்குது மாமா. இது மட்டும் நம்மளப் பாத்து வந்துனு இருக்குது. அதான் உங்கள அதுல வச்சேன்."

நெல் கிளறிய கால் நின்றது.

"சின்னதா இல்ல கீது?"

"தூரத்துல இருக்கறதால மாமா. கிட்டப் போனா நம்ம பால்வீதிய விடப் பெருசு."

"அந்த சித்தப்பன விடவா?"

"அவரு வெறும் நெலா மாமா. பக்கத்துல இருக்கறதால பெருசா தெரியறாரு."

மறுநாள் மச்சான் சீர்வரிசைத் தட்டுகளோடு, மேளதாளத்தோடு வந்து இறங்கினார். மடியிலிருந்த மகள் வீறிட்டபோது அவரும் சேர்ந்து அழுதார். பந்தியில் அகப்பட்டவரிடமெல்லாம், "அந்த கேலக்ஸி வந்து சேர பல கோடி வருஷம் ஆவுமாம், நான் ஒரே நாள்ல வந்துட்டேன்" என்று பெருமையடித்தார். என் மனைவி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

அப்போதுதான் பேனரை நிதானமாகப் பார்த்தேன். "உன் படம் எங்கடா? நண்பர்கள் வரிசையிலகூட காணோமே?"

அவன் ஜாங்கிரியை மென்றபடி சொன்னான். "நம்ம பால்வீதிய யாரும் வெளிய போய் போட்டோ புடிச்சதில்லண்ணா. உள்ளயே இருக்கறவன் இன்னாத்த புடிக்கறது?"

பிறகு அவன் பெண் எடுத்த ஊருக்கே கடையைக் கொண்டுபோய்விட்டான். அந்த பேனர் இப்போது என் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை. படம் உள்பக்கம் தெரியும்படி நானேதான் கட்டினேன். மழை வந்தால் மாடு ஆண்ட்ரமேடாவுக்குக் கீழே நனையாமல் நிற்கிறது. வைக்கோல் போடப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். சித்தப்பா இருக்கிறார், மச்சான் இருக்கிறார். ஒரு மூலையிலாவது அந்தப் பயல் மூஞ்சியும் இருந்திருக்கலாம்.