ஒன்பது மஞ்சள் பைகள்

"அதோட நிறுத்துங்க!" என்று ஆதிலட்சுமி கரண்டியை ஓங்கினாள்.

சகாதேவன் ஒரு கதையின் நடுவில் இருந்தார். அவர் தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்பவர். அன்றைக்கு ஒரு கிராமத்துப் பெரியவர் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டியின் வாயில் காதை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார் என்கிற இடம்வரை வந்திருந்தார். இன்னும் இரண்டே வாக்கியம். கதை வெடித்திருக்கும்.

"இன்னாடி இது, நல்ல எடத்துல நிறுத்தச் சொல்ற?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. கொழம்பு ஆறிடும்."

குழம்பு ஆறினால் சகாதேவனுக்குக் கவலை இல்லை. பெண்டாட்டி ஆறிப்போனதுதான் கவலை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பெண் பார்க்கப் போன இடத்தில், அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குச் சிரித்துக் காபித் தட்டையே கவிழ்த்தவள் ஆதிலட்சுமி. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் கட்டிக்கொண்டார். தனக்கு வேறு திறமை எதுவும் இல்லை என்பது அவருக்கே தெரியும். இப்போது ஐந்து மாதமாக அவள் சிரிக்கவில்லை. ஊரே சிரிக்கிறது, வீடு சிரிக்கவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்தது அவருக்குத் தெரியாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டைலர் சின்னசாமி தைத்துக் கொடுத்த புது பேன்ட்டைப் போட்டுக்கொண்டு சகாதேவன் கூடத்தில் வந்து நின்றார். பேன்ட் இரண்டு இஞ்ச் நீளமாகத் தரையைப் பெருக்கியது.

"ஏன்டா இப்படித் தைச்சேன்னு கேட்டேன். 'வளர்ற புள்ள, வருஷம் பூரா போடணுமில்ல'ன்றான்!"

சகாதேவனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு வேறொன்றும் வந்துவிட்டது.

அதிகமில்லை. ஒரு கரண்டி இருக்கும். ஆனால் மூன்று பிள்ளை பெற்ற, நாற்பத்திரண்டு வயதுக் குடும்பத்தலைவிக்கு, புருஷன் எதிரில் ஒரு கரண்டி என்பது சமுத்திரம்.

"சொம்புத் தண்ணி கவுந்துடுச்சு" என்று சொல்லி எழுந்து போனாள். சொம்பு சமையலறையில் இருந்தது. சகாதேவன் கவனிக்கவில்லை. ஆண்கள் கவனிப்பதற்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்ல.

அதற்குப் பிறகு தும்மினால் வந்தது. இருமினால் வந்தது. தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் வந்தது. குந்தியிருந்து சட்டென்று எழுந்தால் வந்தது. படுத்திருந்தால் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் இல்லை. அதாவது, உயிருள்ள மனுஷியாக நடந்துகொண்டால் மட்டும்தான் தொல்லை.

ஆதிலட்சுமி புத்திசாலி. யாரிடமும் சொல்லாமல் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். முதல் வைத்தியம், தண்ணீரை நிறுத்துவது. நாளுக்கு இரண்டே டம்ளர். விளைவாக நீர்க்கடுப்பு வந்தது, கூடவே மலச்சிக்கலும் வந்தது. தினமும் காலையில் முக்கி முக்கி, ஒரு கரண்டி ஒன்றரைக் கரண்டி ஆயிற்று.

இரண்டாவது வைத்தியம், கருநீலமும் மரக்கலரும் தவிர வேறு சேலை கட்டாதது. பக்கத்து வீட்டு மணியம்மாள் மதில்மேல் தலையை நீட்டி, "ஆதிக்கா, யாருக்குனா துக்கமா? சொல்லவே இல்லையே" என்று விசாரித்தாள்.

மூன்றாவது வைத்தியம்தான் சிரிக்காமல் இருப்பது. சகாதேவன் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். தினம் ஒரு கதை மூன்று கதையாயிற்று. ஒரு நாள் வாசற்படியில் வேண்டுமென்றே வழுக்கிக்கூட விழுந்தார். ஆதிலட்சுமி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். முட்டியில் மருந்து போட்டுக்கொண்டே அவர், "இதுக்கும் சிரிக்கல" என்று சுவரிடம் சொன்னார்.

அன்றுதான் அவள் தேரடித் தெரு மாடியிலிருந்த லேடி டாக்டர் சந்திரகலாவைப் பார்க்கப் போனாள்.

"எனக்கில்லீங்க. எங்க பக்கத்து வூட்டம்மாவுக்கு."

"ம்" என்றார் டாக்டர். "சிரிச்சா, தும்மினா, கனம் தூக்கினா மட்டும்தானே? சும்மா இருக்கும்போது இல்லையே?"

"இல்லீங்க. இல்லன்னுதான் சொன்னாங்க."

"அவங்களுக்கு எத்தனை குழந்தை?"

"மூணு."

"கடைசிக் குழந்தை பெருசா?"

"எட்டரை பவுண்டுங்க. ரெண்டு நாள் வலி."

"பக்கத்து வீட்டுக் குழந்தையோட எடைகூட ஞாபகம் வெச்சிருக்கீங்க. நல்ல மனசு."

ஆதிலட்சுமி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் டாக்டர். "மூத்திரப்பைக்கு அடியில தொட்டில் மாதிரி தசை இருக்கு. பிரசவத்துல அது இழுபட்டுத் தொய்ஞ்சு போகும். வயசாக ஆக இன்னும் தளரும். சிரிக்கும்போது வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும், அதைத் தாங்கக் கீழ பிடிமானம் இல்ல. அவ்வளவுதான். பாவமும் இல்ல, சாபமும் இல்ல. தண்ணியைக் குறைச்சா சரியாகாது, இன்னும் மோசமாகும்."

"மருந்து?"

"மருந்து வேணாம், பயிற்சிதான். மூத்திரத்தை அடக்கற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கிப் பிடிக்கணும். பத்து எண்ணணும், விடணும். மறுபடி பிடிக்கணும். இப்படிப் பத்து தடவை, மூணு வேளை. மூணு மாசம் விடாம செஞ்சா நல்லா குறையும். ஒரு சௌகரியம், வெளியில பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கதவருகில் போனவளை டாக்டர் கூப்பிட்டார். "இந்த மாசம் பக்கத்து வீட்டம்மாவுக்காக வந்தவங்கள்ல நீங்க பதினாலாவது ஆள். இந்த ஊர்ல யாருக்கும் தனக்குன்னு ஒரு வியாதி கிடையாது போல."

டாக்டர் சந்திரகலா மெட்ராஸ்காரர். வைத்தியத்தில் அவர் சொன்னதெல்லாம் சரி. வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றாரே, அது மட்டும் தப்பு. திருவண்ணாமலையில் வெளியில் பார்ப்பவர்களுக்கு எல்லாமே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் ஆதிலட்சுமி பின்பக்கத் தாழ்வாரத்தில் பாயைப் போட்டு, மலையைப் பார்த்த மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எண்ணிக்கை தவறக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பிடிக்கும்போது முகம் இறுகியது, விடும்போது முகத்தில் ஒரு சாந்தம் பரவியது. இறுக்கம், சாந்தம், மறுபடி இறுக்கம், மறுபடி சாந்தம்.

துணி காயப்போட வந்த மணியம்மாள் மதில்மேல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆதிக்கா! உள்ள இன்னா தெரியுது?"

ஆதிலட்சுமி அப்போது ஏழில் இருந்தாள். வாயைத் திறந்தால் பிடி விட்டுப்போகும். ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். கொஞ்சம் இரு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அந்த விரலுக்கு வேறோர் அர்த்தம் உண்டு, அதுவும் பொருத்தம்தான். மணியம்மாளோ இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் சொன்னாள்.

"எல்லாம் ஒண்ணுதான்னு காட்டிட்டாங்க. மூஞ்சிய பாக்கணுமே, அப்படியே ஜொலிக்குது!"

அடுத்த நாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். என்ன ஏது என்று கேட்டால் சிரிப்போ பேச்சோ வந்து தொலைக்குமே என்று பயந்து, ஆதிலட்சுமி சின்ன மகனின் பழைய சிலேட்டில் "மௌனம்" என்று எழுதிக் காட்டினாள். பேச்சை நிறுத்தினால் வருகிறவர்கள் போய்விடுவார்கள் என்பது அவள் கணக்கு. வேறு ஊராயிருந்தால் பலித்திருக்கும். ஒரே வாரத்தில் அவள் மௌன அம்மா ஆனாள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து பார்த்து, கண் கலங்கி, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினாள்.

இரண்டாவது மாதத்தில் ஒன்பது பெண்கள் நிலையாகிவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் பச்சையம்மாள், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவரின் சம்சாரம். தினமும் பஸ் ஏறி வந்தாள். நாலரைக்கு வருவார்கள், கண்ணை மூடி உட்காருவார்கள், ஆறு மணிக்குப் போவார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பை மடியில் இருக்கும், வாய் இறுக்கிக் கட்டியிருக்கும். பழமாக இருக்கும் என்று ஆதிலட்சுமி நினைத்தாள். ஆனால் ஒரு வாழைப்பழம்கூட இதுவரை வெளியே வந்ததில்லை. பக்தர்களின் கருமித்தனம்தான் என்ன என்று வியந்தாள். காற்று வருகிற பக்கம் காலியாகக் கிடக்க, எல்லோரும் குளியலறைக் கதவை ஒட்டியே நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். சொம்பில் தண்ணீர் நீட்டினால் ஒன்பது பேரும் "வேணாம்மா" என்பார்கள். யாராவது தவறிப்போய் ஊர்க்கதை ஆரம்பித்தால் மற்ற எட்டுப் பேரும் அவளை முறைப்பார்கள். அப்படி ஒரு கட்டுப்பாடு மடங்களில்கூடக் கிடையாது.

இத்தனை கண்கள் சுற்றியிருக்கும்போது நிம்மதியாகப் பத்து எண்ண முடியுமா? பயிற்சி பாதியில் நின்றது. மகிமை மட்டும் வளர்ந்தது.

சகாதேவனோ தேய்ந்துகொண்டிருந்தார். தபால் ஆபீஸிலும் கதை சொல்வதை விட்டுவிட்டார். ஜனங்கள் ஸ்டாம்பு மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாற்றத்தோடு வீடு திரும்பினார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றில் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஆதி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெசமாவே சாமியாயிட்டியா, இல்ல என்னைப் புடிக்காம போயிடுச்சா? சாமியாயிட்டேன்னா பரவால்ல. எப்படியோ சமாளிச்சுக்குவேன்."

வீட்டிலும் மௌனம் காத்துவந்த அவள் சிலேட்டை எடுத்து "அப்படியெல்லாம் இல்லீங்க" என்று எழுதினாள். உடனே, பிறகு எப்படி என்று கேட்பாரே என்று தோன்றியது. அழித்துவிட்டு, "ரசம் ஊத்தட்டுமா?" என்று எழுதினாள். அவர் தலையாட்டினார். அவர் கண்ணைப் பார்த்தபடி அவள் ரசம் ஊற்றினாள். ஒரு கரண்டி தண்ணீருக்கா இத்தனை? நாளைக்கே இந்தக் கூட்டத்தை அனுப்பிவிட்டு, மனுஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். சகாதேவன் லீவு போட்டுவிட்டு, பெண்டாட்டியின் தரிசனமாவது கிடைக்கட்டுமென்று கடைசிப் படியில் வந்து குந்தினார். ஆதிலட்சுமி சிலேட்டில், "இன்றோடு முடிந்தது. நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம்" என்று எழுதி, தூக்கிக் காட்டப் போனாள்.

அப்போது மதில்மேலிருந்து ஒரு குரங்கு குதித்தது. மலைக் குரங்குகளுக்குப் பை என்றால் பழம். பச்சையம்மாள் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கிக்கொண்டு மதிலுக்குத் தாவியது.

"ஐயோ, எம் பையி! எம் பையி!"

குரங்கு முடிச்சைக் கடித்துப் பிரித்தது. கையை விட்டு இழுத்தது. பழம் வரவில்லை. மடித்து வைத்த உள்பாவாடை ஒன்று வந்தது. குரங்கு அதைப் புரட்டிப் பார்த்தது, மோந்து பார்த்தது, பிறகு தலைவழியாக மாட்டிக்கொண்டு மதில்மேல் நடந்தது. பாவாடை காலைத் தடுக்க, ராணி மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டது.

தாழ்வாரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படியிலிருந்து சகாதேவனின் குரல், ஸ்டாம்ப் விற்பவரின் நிதானத்தோடு வந்தது.

"நம்ம சின்னசாமி தைச்சதுதான். வளர்ற கொரங்குன்னு ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி வெச்சிருக்கான்."

ஆதிலட்சுமி முந்தானையைக் கடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நாலில் உடைந்தது. ஏழு மாதத்துச் சிரிப்பு மொத்தமாக வெளியே வந்தது. சிலேட்டு ஒரு பக்கம் போயிற்று, மௌனம் ஒரு பக்கம் போயிற்று.

"சிரிச்சுட்டா! எம் பொண்டாட்டி சிரிச்சுட்டா!" என்று சகாதேவன் படியில் எழுந்து நின்று குதித்தார்.

அவளுக்கு நின்று கேட்க நேரமில்லை. மகிமையாவது ஒன்றாவது, புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு குளியலறையைப் பார்த்து ஓடினாள். பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. தகரக் கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பது பெண்களும் சிரித்துக்கொண்டே, முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு, குளியலறைக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் மஞ்சள் பையை அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

பை இல்லாத பச்சையம்மாள், மௌன அம்மாவையும் அவள் பிடித்திருந்த புடவைக் கொத்தையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, நீங்களுமா? இந்த ஊர்லயே சிரிப்பு வராத வூடு இது ஒண்ணுதான்னு நம்பித்தானே நாங்க ஒம்போது பேரும் தெனம் வந்து குந்தினு இருந்தோம்!"