ஆவர்த்தனே தர

"சாரே, சர்வர் எங்கே வெச்சிட்டுண்டு?" என்று நிமி தொலைபேசியில் கேட்டபோது, கொழிஞ்சாம்பாறைப் பால் சொசைட்டியின் செக்ரட்டரி மோகனசுந்தரம் தம்மை அறியாமல் அண்ணாந்து பார்த்தார். விட்டத்தில் ஒரு பல்லி மட்டுமே இருந்தது.

"அது மேகத்துல இருக்குதுங்க மேடம்."

நிமி கேரளப் பால்வளத் துறையின் இன்ஸ்பெக்டர். பாலக்காட்டு அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர். சொசைட்டியைக் கணினிமயமாக்க இரண்டாண்டுகளுக்கு முன் துறை கொடுத்த நான்கு லட்ச ரூபாய் என்னவாயிற்று என்று பார்க்க வரும் வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். அதற்குள் அந்த உத்தரவை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படிக்கும்படியும் சொன்னார்.

மோகனசுந்தரத்துக்கு மாதக் கடைசியில் ஓய்வு. நிமியின் கையெழுத்து விழாவிட்டால் ஓய்வுத் தொகையில் ஒரு காசும் கைக்கு வராது. அந்தத் தொகையை நம்பித்தான் அவர் பாடல் பெற்ற தலங்கள் அனைத்தையும் வரிசையாகத் தரிசிக்கத் திட்டமிட்டிருந்தார். மஞ்சள் பை வாங்கியாயிற்று. சீர்காழி வரைக்கும் ரயில் சீட்டும் எடுத்தாயிற்று.

உத்தரவை எடுத்தார். மலையாளத்தில் இருந்தது. அவருக்கு மலையாளம் படிக்க வரும். ஆனால் தமிழ் மனத்தோடு படிப்பார். பணம் எதற்கு என்று சொல்லும் வரியின் கடைசியில் 'ஆவர்த்தனே' என்று இருந்தது. அடுத்த வரி 'தர' என்று தொடங்கியது. ஆவர்த்தனம் என்றால் மீண்டும் மீண்டும் வருவது. ஆகவே மாதாமாதம் வரும் செலவுக்குத் தர வந்த பணம் என்று அன்றே பொருள் கொண்டுவிட்டார். சொந்த எந்திரம் எதுவும் வாங்காமல், பொள்ளாச்சியில் கணினிச் சேவை நடத்தும் பூபதிராஜாவின் 'கிளவுட்'டை மாதம் எட்டாயிரம் வாடகைக்குப் பிடித்தார். யாருடைய பசு எத்தனை லிட்டர் கறந்தது என்ற கணக்கெல்லாம் எங்கோ வானத்தில் ஏறியது.

நிமியையே மறுபடி அழைத்து ஐயம் கேட்டார்.

"சாரே, அது ஒரே வாக்கு, ரெண்டு சொல் அல்ல. ஆவர்த்தன, இதர. சேர்ந்தால் ஆவர்த்தனேதர. மாசாமாசம் வர்ற செலவு அல்லாதது. கெட்டிடம், எந்திரம், அப்படி. மூலதனச் செலவு."

மார்கழி தோறும் பஜனை மடத்தில் பதிகங்களைச் சந்தி பிரித்துப் பொருள் சொல்லுகிறவர் மோகனசுந்தரம். ஒரே ஒரு சந்தியில் ஓய்வுத் தொகை முழுவதும் சிக்கிக்கொண்டது.

அன்று மாலை விளக்கின் முன் அமர்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் துலங்கியது. கோயில் எழுப்புவது ஒரு செலவு. எழுப்பிய கோயிலில் அன்றாடம் விளக்கேற்றுவது வேறு செலவு. அரசு கோயிலுக்குப் பணம் கொடுத்திருந்தது. அவர் கோயிலே இல்லாமல் இரண்டாண்டுகள் எண்ணெய் வாங்கியிருக்கிறார். கையில் ஒரு வாரம் இருந்தது.

சொசைட்டித் தலைவர் அர்த்தநாரியிடம் போய் நின்றார். வாடகைக்குப் போன பணத்தைப் பொது நிதியிலிருந்து ஈடுசெய்ய அவர் சம்மதித்தார். ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை.

"ரெண்டு வருசமா மேகத்தை வாடகைக்கு வெச்சிருந்தீங்க. நம்மூர்ல ஒரு தூறல் போட்டுதுங்களா?"

கட்டடத்தின் பின்புறம் தவிடும் பருத்திக்கொட்டையும் அடுக்கியிருந்த தீவன அறை காலியாயிற்று. வெள்ளை ஓடு பதித்து, ஏசி பொருத்தி, 'சர்வர் அறை: உள்ளே வரக்கூடாது' என்று இரு மொழியிலும் பலகை மாட்டினார்கள். வெளியே வைத்த தவிட்டு மூட்டைகளைப் பால் ஊற்ற வந்தவர்களின் ஆடுமாடுகள் கண்டுகொண்டன. இரண்டே நாளில் ஒன்பது மூட்டை காணாமற் போனது. மோகனசுந்தரம் மூட்டைகளுக்குக் கொட்டகை போட்டார். அதற்கும் பணம் போயிற்று.

அறை ஆயிற்று, உள்ளே மூலவர் வேண்டுமே. கோயமுத்தூரிலிருந்து ஆளுயரக் கறுப்பு அலமாரி ஒன்று வந்து இறங்கியது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. அதை வாங்கியபின் பார்த்தால், உள்ளே வைக்கும் எந்திரத்துக்குப் பணம் மிச்சமில்லை. காலியான கண்ணாடி அலமாரியும் குளிர்ந்த அறையும் சேர்ந்து உறுப்பினர்களுக்கு வேறொன்றை நினைவூட்டின. மறுநாள் காலையில் அலமாரிக்குள் மூன்று தயிர்ப் பாத்திரங்களும் ஒரு மல்லிகைப் பந்தும் இருந்தன.

பால் அளக்கும் சுப்பாத்தாள் அவற்றை எடுத்து வெளியே வைத்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. இருபது ஆண்டுகளாகப் பாலில் கலந்த தண்ணீரைக் கண்டுபிடிப்பவள். மனிதர்களிடமும் அதே கண்தான்.

"ஏனுங் செக்ரட்டரி, சாமி இல்லாத கோயிலுக்குப் பூட்டு எதுக்குங்க?"

வேறு வழியின்றி மோகனசுந்தரம் பூபதிராஜாவைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு வாரத்துக்கு மட்டும், ஏதாவது பழைய எந்திரம், விளக்கு எரிந்தால் போதும், கொஞ்சம் உறுமினால் இன்னும் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வாடகை எவ்வளவானாலும் தருவதாகவும் சொன்னார்.

"அண்ணா, உங்ககிட்டப் போயி வாடகை வாங்குவனுங்களா? ஏசி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ராப்பகலா ஓடுமுங்களா?"

"ஓட்டறனுங்க."

"அப்ப நாளைக்கே கொண்டாரனுங்க. எத்தனை நாளானாலும் அங்கயே இருக்கட்டும். ஏசி நிக்கக்கூடாது, கரண்டு போகக்கூடாது, அவ்வளவுதானுங்க. எங்க ஊட்லயும் கரண்டு பில்லப் பாத்துட்டுச் சத்தம் போட்டுட்டேதான் இருக்கறாங்க."

கடைசி வாக்கியத்துக்கும் எந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று மோகனசுந்தரம் யோசிக்கவில்லை. கடையெழு வள்ளல்களுக்குப் பின் எட்டாவதாக ஒருவன் பொள்ளாச்சியில் தோன்றியிருப்பதை எண்ணி அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பூபதிராஜா வேனில் வந்தான். நான்கு கனத்த பெட்டிகளை அலமாரிக்குள் ஏற்றினான். பச்சை விளக்குகள் மினுக்கின. உறுமல் நாதசுரத்தின் ஒத்துப் போல இடைவிடாமல் எழுந்தது. புறப்படும்முன், பார்க்க மெய்யாகத் தெரியவேண்டும் என்று சொல்லி, அலமாரியிலிருந்து பால் அளக்கும் இடத்துக் கணினிவரை ஒரு நீல ஒயரை இழுத்துவிட்டான். வெளியிலிருந்து இணையம் வரும் கறுப்பு ஒயரையும் அலமாரியிலேயே செருகினான். மின்சாரம் போனாலும் பெட்டிகள் நிற்காதிருக்க இரண்டு பெரிய பாட்டரிகள் வாங்கச் செய்தான். அதற்குச் செக்ரட்டரியின் சொந்தச் சேமிப்புக் கரைந்தது. திருவாரூருக்குப் பிந்திய தலங்கள் அத்தனையும் ஒத்திவைக்கப்பட்டன.

அன்றிலிருந்து கணக்குத் திரை பட்டென்று திறந்தது. முன்பெல்லாம் ஒரு பெயர் வருவதற்குள் பால் நுரை அடங்கிவிடும்.

"மேகம் இப்பெல்லாம் பக்கத்துல வந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள் சுப்பாத்தாள்.

மோகனசுந்தரத்துக்கு அதைக் கேட்க நேரமில்லை. வியாழக்கிழமை வந்துவிட்டது.

நிமி அறையைப் பார்த்தார். வெள்ளை ஓடுகளைத் தட்டிப் பார்த்தார். ஏசியின் பில்லைப் படித்தார். அலமாரியின் முன் நின்றபோது அவர் முகம் மலர்ந்தது.

"கொள்ளாம் சாரே. இது சொந்தம்தானே?"

"சொசைட்டிக்குள்ளதானுங்க இருக்குது" என்றார் மோகனசுந்தரம். பொய் சொல்லாத நாவு அதற்கு மேல் வளையவில்லை.

நிமி பேனாவைத் திறந்தார். பிறகு செலவுப் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு பேனாவை மூடினார். இந்த மாதமும் பூபதிராஜாவுக்கு எட்டாயிரம் போயிருந்தது.

"சொந்த வீடு இருக்கும்போ வாடகை எந்தினா?"

கோயில் இல்லாமல் எண்ணெய் வாங்கியது குற்றம் என்றுதான் கோயில் கட்டினார். கட்டிய பிறகு எண்ணெயே குற்றமாகிவிட்டது. வாடகை பழைய வழக்கத்தால் போய்விட்டது, இனிப் போகாது, எல்லாம் இந்த அலமாரியே பார்த்துக்கொள்கிறது என்று மோகனசுந்தரம் கோர்வையாகச் சொல்லி முடித்தார்.

"அப்படியெங்கில் வெளியே போற ஒயரை ஒண்ணு ஊரிக் காட்டுங்க. சொந்தமானால் அது இல்லாமலும் ஓடுமல்லோ."

வெளி ஒயரைப் பிடுங்கினால் வானத்து மேகம் அறுந்துவிடும், திரை இருளும், அலமாரி வெறும் உறுமல் என்பது வெட்டவெளிச்சமாகும். மோகனசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வாரம் நேரில் சேவிப்பதாக இருந்த அத்தனை மூர்த்திகளையும் இங்கேயே வரவழைத்தார்.

சுப்பாத்தாள் போய்க் கறுப்பு ஒயரைப் பிடுங்கினாள். அதே நேரம் சிஜு என்பவர் பால் கேனோடு வந்து நின்றார்.

"சிஜு, ஏழே கால் லிட்டருங்க" என்று சுப்பாத்தாள் கணினியில் தட்டினாள்.

திரையில் சிஜு வந்தார். ஏழே கால் லிட்டரும் வந்தது. அவருடைய போன மாதக் கணக்கு, இரண்டாண்டுக் கணக்கு முதற்கொண்டு எல்லாம் வந்தன.

நிமி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஓய்வுக்கு வாழ்த்துச் சொன்னார். ஒரு லிட்டர் பாலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப்போனார்.

மோகனசுந்தரம் அலமாரியின் முன் கைகூப்பி நின்றார். உருவமும் அருவமுமாய் இருப்பவன் இன்று பச்சை விளக்காய் வந்து தன்னைக் காத்தான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. கண்ணீர் வழிந்தது. அப்போது கைபேசி அடித்தது. பூபதிராஜா மூச்சிரைக்கப் பேசினான்.

"அண்ணா, கறுப்பு ஒயரை ஆருங்க புடுங்குனது? இங்க நாலு தேங்கா மண்டி, ரெண்டு லாட்ஜு, ஒரு கல்யாண மண்டபம், எல்லாத்துக் கணக்கும் அப்படியே நின்னுபோச்சுங்க. என்னைப் புடிச்சு வெச்சிருக்கறாங்க."

"எங்க ரூம் ஒயருக்கும் உங்க மேகத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அது வந்துங்கண்ணா..." என்று இழுத்தவன் போனை வைத்துவிட்டான்.

சுப்பாத்தாள் ஒயரை மறுபடி செருகினாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங் செக்ரட்டரி, மேகங் குடியிருக்கறது நம்ம தவிட்டு ரூம்ல, வாடகை மட்டும் நாம அவுருக்குக் குடுக்கறமுங்க."